சகலன் வீட்டை ஈடு பிடித்த கதை

1

சில மாதங்களுக்கு முன் எங்கள் வீட்டுக் கதவுத் துவாரத்தால் ஓர் அழைப்பிதழ் வந்து விழுந்தது. மூலையில் மஞ்சள் பூசிய தடித்த காட். விம்பிள்டனில் இருக்கும் என் சகலன் புதுவீடு புகும் குடிபூரலுக்குக் குடும்ப சமேதராய் வரும்படி போட்டிருந்தது. வாசித்தவுடன் எனக்கு மண்டை விறைத்துவிட்டது. அந்த வீட்டைக் கட்டினவன் நான். கட்டின காசில் அரைவாசிக்கு மேல் இன்னும் என் கைக்கு வரவில்லை.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள், லண்டனில் போய் யார் வீடு கட்டுகிறார்கள் என்று யோசிப்பீர்கள். நியாயம்தான். இங்கே எங்கள் ஆட்கள் வெறுங்காணியில் வீடு கட்டுவது அருமை. வெள்ளைக்காரன் எந்தக் காலத்திலோ கட்டின செங்கல் வீட்டை வாங்கி, பின்சுவரை இடித்து, குசினியைத் தோட்டத்துக்குள் நீட்டுவோம். கூரையைத் திறந்து மேலே அறைகள் போடுவோம். வேலை முடியும்போது முன்சுவரையும் கதவு இலக்கத்தையும் தவிரப் பழையது ஒன்றும் மிஞ்சாது. பிறகு ஐயரைக் கூப்பிட்டுப் பால் காய்ச்சுவோம்.

அந்த இடிப்பும் நீட்டலும்தான் என் பிழைப்பு. ஜேர்மனியில் ரைல்ஸ் பதிக்கப் பழகியவன் நான். பிள்ளை இங்கிலீசில் படிக்கட்டும், தமிழ்ச் சனத்தோடு பழகட்டும் என்று அங்கிருந்து பெயர்ந்து வந்து கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் குடியேறினேன். பிள்ளை இங்கிலீசில் நன்றாகத்தான் படித்தாள். அதோடு தமிழைக் கைவிட்டுவிட்டாள். இப்போது என்னோடு கதைப்பதெல்லாம் இங்கிலீஷ். அப்பா, அம்மா, பெரியம்மா என்ற சொற்கள் மட்டும் நடுவில் தமிழில் வந்து போகும்.

காட் வந்த நாளிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. தேத்தண்ணியை ஊற்றி வைத்துவிட்டுக் குடிக்காமல் வெளியே போவேன். வேலை குரோய்டனில் என்றாலும் விம்பிள்டனைச் சுற்றிக்கொண்டுதான் போவேன். அந்த வீட்டுக்கு முன்னால் என் வான் வண்டியின் வேகத்தைக் குறைத்து, நான் போட்ட கூரையைப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு கடப்பேன். என் மனைவி சுமதி, காலில் சில்லுப் பூட்டின மாதிரித் திரிகிறார் என்று என் காதுபட மகளிடம் பேசினாள். பேசட்டும். அவளுக்கும் காரணம் தெரியும்.

2

சகலன் என்ற உறவு ஒரு கோதாரி பிடித்த உறவு. இரத்தமும் இல்லை, சிநேகிதமும் இல்லை. ஒரே வீட்டில் பெண் எடுத்த குற்றத்துக்காக ஆயுள் முழுக்க ஒருத்தர் மற்றவரின் காரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். என் சகலன் குலம் அண்ணை எனக்கு முன்பே லண்டன் வந்து, கடைகள் போட்டு, பெற்றோல் செட் எடுத்து, பெரிய மனிதர் ஆனவர். அவர் முடித்திருப்பது சுமதியின் அக்கா பவானியை. தாய் செத்த பிறகு சுமதிக்குத் தலை இழுத்து, பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தது இந்த அக்காதான். சுமதிக்கு அவ அக்காவும் அம்மாவும்.

வேலை தொடங்கும்போது நான் செலவு விபரம் எழுதின தாளைக் குலம் அண்ணையிடம் நீட்டினேன். அவர் அதைப் பார்க்காமலே மடித்து என் சட்டைப் பைக்குள் திருப்பி வைத்தார்.

“எங்களுக்குள்ளை என்ன எழுத்து, நேசன்? நீர் வேலையைத் தொடங்கும்.”

எனக்கு அதில் பெருமை வேறு. வெள்ளைக்காரனுக்கு வேலை செய்தால் ஒவ்வொரு கட்டத்துக்கும் கையெழுத்து வாங்காமல் ஆணி அடிக்க மாட்டேன். சகலனிடம் கையெழுத்துக் கேட்டால் என்ன மனிசன் என்று நினைப்பார்கள். யன்னலைப் பெரிதாக்கினதும், குசினி நடுவில் கல்மேசை போட்டதும், மேல்மாடிக்கு இன்னொரு குளியலறை வைத்ததும் எல்லாம் சாப்பாட்டு மேசையில் வாயால் முடிவானவை. பவானியக்கா குழம்பை ஊற்றிக்கொண்டு நிற்பா, குலம் அண்ணை “அதையும் பாத்துச் செய்யும்” என்பார், நான் தலையாட்டுவேன்.

பிறகு காசு கேட்கிற கட்டம் வந்தது. முதலில் போன நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையில் வீட்டுக் காசு வெளியே போகக்கூடாது. செவ்வாயும் அப்படித்தான். பிறகு ஊரில் குலம் அண்ணையின் பெரியம்மா செத்துப்போனா. துடக்கு வீட்டில் போய்க் காசுக் கதை கதைக்க ஏலுமா? துடக்குக் கழிய மகளின் அரங்கேற்றம். அன்பளிப்புக் கவரோடு போகிறவன் அங்கே நின்று கடன் கேட்பானா? அரங்கேற்றம் முடிய கந்தசஷ்டி. விரதம் இருக்கிற மனிசனிடம் கேட்க எனக்கே வாய் வரவில்லை.

கூரையைத் தாங்கும் இரும்புத் தீராந்தி தந்தவனும் யன்னல் தந்தவனும் வெள்ளி செவ்வாய் பார்க்கிற ஆட்கள் இல்லை. பார்க்கிங்கில் நாங்கள் இருக்கிற வீட்டின் மேல் மேலதிகக் கடன் எடுத்து அவர்களுக்குக் கட்டினேன். அந்தக் கடனின் தவணை மாதம் தவறாமல் என் கழுத்தைப் பிடிக்கிறது. தவணை தவறினால் போகப்போவது என் வீடு, சகலன் வீடு அல்ல.

3

கனடாவில், ரொறன்ரோவில் என் தம்பி ரூபன் கூரை வேலை செய்கிறான். அவனிடம் புலம்பினேன். அவன் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

“அண்ணை, உதுக்கேன் மண்டையை உடைக்கிறியள்? லீன் போடுங்கோ. இஞ்சை வேலை முடிஞ்சு ரெண்டு மாசத்துக்குள்ளை வீட்டின்ரை மேலை லீன் பதிஞ்சால் சரி. வீட்டுக்காரன் லேசிலை விக்கவும் ஏலாது, பாங்கிலை எடுக்கவும் ஏலாது. எங்களோடை கணக்குத் தீர்த்தால்தான் வீடு அசையும்.”

கட்டின கூலி வரவில்லை என்றால், கட்டினவன் அந்த வீட்டின் மேலேயே தன் உரிமையைப் பதிந்து வைக்கலாமாம். கேட்கத் தேன் மாதிரி இருந்தது. விரதமும் துடக்கும் பார்த்து நான் அந்த இரண்டு மாதத்தை எப்போதோ தின்றுவிட்டேன் என்பது வேறு விஷயம். லண்டனில் கொஞ்சம் கூடத் தவணை தருவான் என்று நினைத்துக்கொண்டு அடுத்த நாளே கோர்ட்டுக்குப் போனேன்.

தகவல் விசாரிக்கிற மேசையில் இருந்த பெட்டைக்கு அந்தச் சொல்லே தெரியவில்லை. நான் திரும்பத் திரும்ப விளங்கப்படுத்தினேன். எனக்குப் பதட்டம் வந்தால் இங்கிலீஷ் ஓடிவிடும், அந்த இடத்தில் ஜேர்மன் வந்து குந்திவிடும். அவள் நான் பேசுவதைப் பொறுமையாகக் கேட்டு, கடைசியில் அயலவரோடு சண்டை வந்தால் சமாதானமாகப் போவது எப்படி என்ற பிரசுரம் ஒன்றைத் தந்து அனுப்பினாள்.

பிறகு எங்கள் பக்கத்தில் சேலைக் கடைக்கு மேலே இருக்கும் ஒரு வக்கீலம்மாவிடம் போனேன். தமிழ்நாட்டுக்காரி. நான் லீன் என்றதும் அவ பேனையை மூடி வைத்தா.

“அது கனடாவுல சார். இங்க கட்டடம் கட்டுறவங்களுக்கு அப்படி ஒண்ணும் கிடையாது. நீங்க வச்ச ஜன்னல் சுவத்துல ஏறின நிமிஷமே அது வீட்டுக்காரருக்குச் சொந்தம்.”

இங்கே முதலில் வழக்குப் போட வேண்டும். வழக்கில் வெல்ல வேண்டும். வென்ற பிறகும் காசு வராவிட்டால், அந்தத் தீர்ப்பைக் கொண்டுபோய் வீட்டின் மேல் பதியச் சொல்லித் திரும்பவும் கோர்ட்டைக் கேட்க வேண்டும். அதற்கிடையில் ஆள் வீட்டை விற்றால் என்ன செய்வது என்று கேட்டேன். அதுதான் ரிஸ்க் என்றா.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கார் திருத்துகிறவன் காசு வரும்வரை காரைக் கராச்சிலேயே வைத்திருக்கலாமாம், அதற்கு இந்த நாட்டில் உரிமை இருக்கிறதாம். வீடு கட்டினவன் வீட்டை எங்கே கொண்டுபோய் வைத்திருப்பது, தோளிலா? நிறுத்தத் தடையான இரட்டை மஞ்சள் கோட்டில் வானை நிறுத்திவிட்டுத் திரும்பினால் கவுன்சில்காரன் தண்டம் ஒட்டிவிடுகிறான். எனக்கு வந்து சேர வேண்டியதை மட்டும் ஒருத்தனும் ஓடிவந்து ஒட்டுகிறான் இல்லை.

4

என் மகள் அபி சட்டம் படிக்கிறாள். வழக்குத்தான் வழி என்றால் போடுவோம் என்று அவளிடம் சொன்னேன். குசினி மேசையில் இருந்தபடியே போனைத் தட்டினாள். இங்கே யாருடைய வீடு யாருடைய பெயரில் இருக்கிறது என்று ஒரு சாப்பாட்டுக் காசுக்குள் யாரும் பார்க்கலாம். அபி காசைக் கட்டிப் பார்த்தாள். பிறகு இங்கிலீசில் சொன்னாள்: வீட்டில் பெரியப்பாவின் பெயர் இல்லை. முழுக்கப் பெரியம்மாவின் பெயரில்தான் இருக்கிறது.

எனக்கு உடனே விளங்கியது. கடை நொடித்தாலும் வீடு தப்பட்டும் என்று கடைக்காரர்கள் மனைவியின் பெயரில் வீட்டை எழுதுவது வழமை. ஆகவே குலம் அண்ணைக்கு எதிராக நான் தீர்ப்பு எடுத்தாலும் அது அந்த வீட்டைத் தொடாது. வீட்டைத் தொட வேண்டுமென்றால் பவானியக்கா மேல்தான் வழக்குப் போட வேண்டும். அவ எப்படி எதிராளியாவா என்று நான் கேட்டதற்கு, கோர்ட்டில் பெரியம்மா என்று ஒருவரும் இல்லை அப்பா, வீட்டுக்காரி மட்டும்தான் என்று அபி இங்கிலீசில் சொன்னாள். அவள் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. படித்ததைச் சொன்னாள். எனக்கு என் பிள்ளையைப் பார்க்கப் பயமாக இருந்தது.

சுமதி கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு நின்றவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“என்ரை அக்காவைக் கோட்டிலை ஏத்திறதெண்டால், முதல் என்னை இந்த வீட்டாலை அனுப்பிப்போட்டு ஏத்துங்கோ.”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தி விஷயத்தை முடித்திருப்பேன். அன்றிலிருந்து வீட்டில் சோறு நேரத்துக்கு வந்தது, கதைதான் வரவில்லை.

5

இந்த நேரத்தில்தான் குடிபூரல் காட் வந்து விழுந்தது. அதற்குப் பின்னால் குலம் அண்ணையே போன் எடுத்தார். ஒன்றுமே நடக்காத மாதிரிக் குரல். குடிபூரலுக்கு முன் தச்சுக் கழிக்க வேண்டும் என்று ஐயர் நிற்கிறாராம். கட்டினவர் நீர்தானே, நேரத்துக்கு வந்து நில்லும் என்றார்.

தச்சுக் கழிப்பது தெரியாத இளம் ஆட்களுக்குச் சொல்கிறேன். புது வீட்டில் கட்டினவனுடைய பிடி ஒன்று இருக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவனைக் கூப்பிட்டு, கூலியைத் தீர்த்து, வேட்டி சால்வை கொடுத்து, எல்லாம் தீர்ந்தது என்று அவன் வாயால் சொல்ல வைத்த பிறகுதான் வீட்டுக்காரன் பால் காய்ச்சலாம். ரூபனுடைய லீனும் இதுதான் என்று எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கனடாக்காரன் சட்டமாக எழுதியதை எங்கள் ஆட்கள் ஐயரை வைத்து நடத்தியிருக்கிறார்கள்.

நான் சின்னவனாக இருந்தபோது எங்கள் வீட்டுக் குடிபூரலன்று வீடு கட்டின மேசன் வாசல் படலைக்கு வெளியே ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்து அதில் குந்தியிருந்தார். மழை வந்து ஒழுகுகிறதா என்று பார்த்துத் தருகிறேன் என்று அப்பா கூலியில் கொஞ்சம் பிடித்து வைத்திருந்தார். மேசன் சண்டை பிடிக்கவில்லை. உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. சுபநேரம் ஓடிக்கொண்டிருந்தது, வந்த சனம் வெயிலில் நின்றது. கடைசியில் அம்மா அயலில் கைமாற்று வாங்கிக் கொடுத்த பிறகுதான் மனிசன் எழும்பினார். அப்பா அதை ஆயுள் முழுக்க அவமானமாகச் சொல்லித் திரிந்தார். அந்த வீடும் பிறகு யுத்தத்தில் போய், இப்போது அத்திவாரம் மட்டும்தான். மேசனை நானும் கனகாலம் திட்டினேன். இப்போது நான் அவருடைய கட்சி.

ஆனால் எனக்கு வாளியைக் கவிழ்த்து வைத்துக் குந்தவும் வழியில்லை. அபி ஒரு பக்கம். அங்கே வீடியோ எடுப்பார்கள், சனம் பார்க்க எல்லாம் தீர்ந்தது என்று சொன்னால் பிறகு எந்தக் கோர்ட்டிலும் அதைப் போட்டுக் காட்டுவார்கள், வாயைத் திறக்க வேண்டாம் அப்பா என்று எச்சரித்தாள். மற்றப் பக்கம் சுமதி. கன நாளுக்குப் பிறகு அவளாக வந்து பக்கத்தில் இருந்தாள்.

“சொல்லிப்போட்டு வாங்கோ. அக்காவின்ரை முகத்துக்காக. பிறகு உழைப்பம்.”

ஓம் என்றால் காசு போச்சு, அதோடு எங்கள் வீடும் ஆட்டம் காணும். இல்லை என்றால் மனிசி போச்சு. நான் தோட்டத்துக்குள் போய், ஒரு வேலையும் இல்லாமல், அடுக்கி வைத்த பலகைகளைக் கலைத்துத் திருப்பி அடுக்கினேன்.

6

விம்பிள்டன் வீட்டு வாசலில் செருப்பும் சப்பாத்துமாகக் குவிந்து கிடந்தது. நான் போட்ட கல்மேசையில் மாவிலை, குத்துவிளக்கு. அடுப்பில் புதுப் பானை. வீடியோக்காரன் லைட்டைப் பிடித்துக்கொண்டு எல்லோருடைய முகத்துக்குள்ளும் போய்வந்தான். பவானியக்கா பட்டுச் சேலையில் நின்றா. என்னைக் கண்டதும் ஓடிவந்து, தம்பி கட்டின குசினியில் நிற்க நிற்க மனசு நிறையுது என்றா. அந்த முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. காசு எப்போதோ தந்து முடிந்தது என்றுதான் அவ நினைத்துக்கொண்டிருக்கிறா என்று எனக்கு அந்த இடத்தில் விளங்கியது. எனக்கு இன்னும் ஏலாமல் போய்விட்டது.

ஐயர் என்னைக் கூப்பிட்டார். தட்டத்தில் வேட்டி, சால்வை, வெற்றிலை. குலம் அண்ணை தட்டத்தின் ஒரு கரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றார். கூலி எல்லாம் தீர்ந்து, மனநிறைவோடு வீட்டை ஒப்படைக்கிறீர்களா, ஓம் என்று சொல்லுங்கோ என்றார் ஐயர்.

லைட் கண்ணைக் குத்தியது.

“சொல்லும், நேசன். சுபநேரம் போகுது” என்றார் குலம் அண்ணை.

நான் வாயைத் திறந்தேன்.

“இல்லை ஐயா. தீரேல்லை.”

அது என் குரல் இல்லை. எனக்குப் பின்னால் நின்ற சுமதி. அவள் என்னையும் பார்க்கவில்லை, தமக்கையையும் பார்க்கவில்லை. தட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

குலம் அண்ணை, சுமதி பகிடி விடுறா என்று சிரித்துப் பார்த்தார். ஒருவரும் கூடச் சிரிக்கவில்லை. பவானியக்கா புருசன் பக்கம் திரும்பினா.

“போன வருசமே குடுத்து முடிச்சாச்சு எண்டெல்லோ சொன்னனீங்கள்?”

அவர், வீடியோவை நிப்பாட்டு என்று வீடியோக்காரன் மேல் பாய்ந்தார். அக்கா நடந்துபோய் அடுப்பை அணைத்தா. பால் இன்னும் பொங்கவில்லை. சனம் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, வந்ததற்கு வடையும் சாதமும் சாப்பிட்டுப் போனது. எங்கள் சனம் இடி விழுந்தாலும் பந்தியைக் குழப்பாது. நாங்கள் சாப்பிடாமல் வெளிக்கிட்டோம்.

வானில் சுமதி வழி நெடுக அழுதாள். நீதானே சொல்லச் சொன்னாய், பிறகேன் குறுக்கே வந்தாய் என்று கேட்டேன்.

“நீங்கள் எனக்காக ஓமெண்டு சொல்லப்போறியள் எண்டு கண்டிட்டன். உங்களை அந்த நிலையிலை வைச்சுப் பாக்க என்னாலை ஏலேல்லை.”

கல்யாணம் கட்டி இவ்வளவு காலத்தில் அவள் என்னிடம் இதைவிட நல்ல வார்த்தை சொன்னதில்லை. அதைக் கேட்டு அவள் கையைப் பிடிக்காமல், ஏதோ ஒரு கார்க்காரன் வெட்டிப் போனான் என்று ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தேன். என் குணம் அது.

7

அடுத்த கிழமை பவானியக்கா ரயிலில் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தா. புருசனுடைய கார் இல்லாமல் அவ இந்தப் பக்கம் வந்தது அதுதான் முதல்முறை. வந்தவ தண்ணி கூடக் கேட்காமல் தொடங்கினா. கடைகள் எல்லாம் நட்டத்தில் போகிறதாம். வீட்டின் மேல் எடுத்திருந்த பாங்க் கடன் கட்டி முடிந்துவிட்டதால், அதை வைத்துப் புதிதாகக் கடன் எடுக்க அவர் ஒவ்வொரு கிழமையும் ஏதோ தாள்களைக் கொண்டுவந்து கையெழுத்து வை என்று நிற்கிறாராம். இவ மாட்டேன் என்கிறாவாம். எத்தனை நாளைக்குத்தான் மாட்டேன் என்று சொல்ல ஏலும் என்று தெரியவில்லையாம். அபிக்குப் போன் எடுத்துக் கேட்டிருக்கிறா. வீட்டுக்காரி தானாகச் சம்மதித்தால் கோர்ட்டுக்கே போகத் தேவையில்லை, வீட்டை ஈடாக எழுதிப் பதியலாம் என்று அபி சொல்லியிருக்கிறாள். சட்டம் படிக்கிற என் மகள், தன் உடைந்த தமிழில், ஒரு மணித்தியாலமாகப் பெரியம்மாவுக்கு விளங்கப்படுத்தியிருக்கிறாள். எனக்குத்தான் அது தெரியாமல் இருந்தது.

“உங்களுக்கு வரவேண்டிய காசுக்கு என்ரை வீட்டை ஈடாப் பதியுங்கோ, தம்பி.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இவ்வளவு நாளும் அந்த வீட்டைக் கடித்துத் தின்ன ஆசைப்பட்டவன், வேண்டாம் அக்கா, நான் பொறுப்பேன் என்றேன். அவ தலையாட்டி மறுத்தா.

“காசுக்கு மட்டும் சொல்லேல்லை. உங்கடை பேர் அதிலை கிடந்தால் உங்களைக் கேக்காமல் இவர் அந்த வீட்டை ஒண்டும் செய்யேலாது. எங்கள் ரெண்டு பேருக்கும் கேக்கிறதுக்கு ஒரு ஆம்பிளைச் சகோதரம் இல்லைத்தானே.”

சுமதி உள்ளே போய்க் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பதிவதென்றால் அக்கா முதலில் எங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு வக்கீலைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று அபி ஒற்றைக்காலில் நின்றாள். வேறு ஆள் பிடித்து, மொழிபெயர்ப்பாளரும் பிடித்துப் போனோம். அக்காவை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவை மூடினார்கள். நாங்கள் வெளியே பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தோம். கன நேரம் ஆனது. நான் எழும்பி நடந்தேன், இருந்தேன், திரும்ப நடந்தேன். என் காசு இன்னும் வரவில்லை. அந்த வீடு விற்கப்படும்வரை வராது. அதுவரை என் கடனை நான்தான் இழுக்க வேண்டும். குலம் அண்ணை இப்போது ஊரெல்லாம், நேசன் என்ரை வீட்டை விழுங்கப் பாக்கிறான் என்று சொல்லித் திரிகிறார். அவருடைய பெண்பிள்ளைகள் என் போனை எடுப்பதில்லை.

கதவு திறந்து அக்கா வந்தா. கையெழுத்து வைத்தாச்சு என்றா. இவ்வளவு நேரம் என்ன கேட்டவை என்று சுமதி கேட்டாள்.

“ஆரும் வற்புறுத்திக் கையெழுத்து வைக்கச் சொல்லுறினமோ எண்டு கேட்டவை” என்றா அக்கா. “ஓமெண்டன். ஒராள் ஒவ்வொரு கிழமையும் வேறை தாளிலை வைக்கச் சொல்லி வற்புறுத்துறார், அதுக்குத்தான் இதிலை வைக்கிறன் எண்டன்.”